கயிற்றில் சிக்கிய மீன்

உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. பத்திரிகை வைக்கப் போகவேண்டிய வீடுகளின் பட்டியல் இந்த மேஜையில்தான் கிடக்கிறது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை எழுந்து போய்விட்டேன். ஒரு தடவை அடுப்பில் பால். இன்னொரு தடவை மழை வரும்போல இருந்ததால் மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். மூன்றாவது தடவை எதற்குப் போனேன் என்று தெரியாமல் வாசல்வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிங்மா, உடுங்க, பழசு" என்று முடித்துவிடுவாய். இதை நீ அப்படி விட்டுவிடக் கூடாது. நீ விடுதியில் இருந்தபோதுகூட நான் கடிதம் எழுதியதில்லை. அறிவுரையும் அதிகம் சொன்னதில்லை. நாள் முழுக்க வகுப்பில் பேசிவிட்டு வந்தால் வீட்டில் எனக்கு வாய் திறக்கப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகப் பேசப்போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தீபா கூப்பிட்டாள். முகூர்த்தப் புடவையின் கரை பற்றி ஏதோ கேட்டாள். பேச்சு முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில், "அத்தை, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைச்சுக்க மாட்டீங்களே?" என்றாள். கொச்சியில் நீ எடுத்திருக்கும் வாடகை வீட்டைப் பார்க்க இரண்டு பேரும் போயிருந்தீர்களாம். பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்த பிறகு, நீ திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாயாம். மறுபடி பாதி வழியில் நின்று, கேஸ் மூடினோமா என்று கேட்டாயாம். "அந்த வீட்டுல இன்னும் அடுப்பே வாங்கலைங்க அத்தை" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஏன் இப்படின்னு கேட்டேன். ஒரு மீனைக்கூட ஒழுங்காப் பாத்துக்கத் தெரியாமச் சாகடிச்சவன் நானு, இனி உன்னை வேற பாத்துக்கணும்னாரு. ஜோக்குன்னு நெனைச்சேன். ஆனா அவர் சிரிக்கலைங்க அத்தை. என்ன மீன் அது?"

சின்ன வயசில் ஏதோ வளர்த்தான் என்று முணுமுணுத்துவிட்டு, குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். குக்கரே வைக்கவில்லை.

அந்த மீன் சாகவில்லை. நீ அதைச் சாகடிக்கவில்லை. அது நேற்று முன்தினம், புதன்கிழமை காலை வரைக்கும் உயிரோடு இருந்தது. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு பக்கம் ஓடிவிட்டது பார்.

உனக்கு அப்போது பதினைந்து வயது. யூனிஃபார்ம் துணி எடுக்கக் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போனோம். துணிக்கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு அலங்கார மீன் கடை இருந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் பையில் விரல் நீளத்துக்கு, குச்சிபோல அசையாமல் நின்றுகொண்டிருந்தது அது. "முதலை மீனுங்க. தொட்டி எத்தனை பெருசோ அத்தனைதான் வளரும், பயப்படாம வாங்குங்க" என்றார் கடைக்காரர். விலங்கியலில் முதுகலை முடித்து, மேல்நிலை வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். தொட்டியைப் பார்த்து அளவாக வளரும் மீன் உலகத்திலேயே கிடையாது. அலிகேட்டர் கார் என்ற அந்த மீன் ஆளுயரம் தாண்டி வளரும் என்பதும் எனக்குத் தெரியும். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிற நான், அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. உன் அப்பா வளைகுடாவுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. நீ மூன்று மாதம் கழித்து அன்றுதான் ஒரு பொருளை வேண்டும் என்று கேட்டாய்.

ஒன்றரை வருடத்தில் அது இரண்டடி ஆனது. கூடவிட்ட மீன்களைத் தின்றது. இரண்டாவதாக வாங்கிய பெரிய தொட்டியிலும் திரும்ப இடமில்லாமல், போகிற பக்கமெல்லாம் கண்ணாடியில் முட்டிக்கொண்டது. முட்டி முட்டி அதன் மேல்தாடை இடது பக்கமாக வளைந்துபோனது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது டொக், டொக் என்று அந்தச் சத்தம் வரும். நீ சனிக்கிழமை தவறாமல் தண்ணீர் மாற்றுவாய். குழாய்த் தண்ணீரை முந்தின நாளே பிடித்து வெயிலில் வைப்பாய். மாற்றி முடித்ததும் காலண்டரில் ஒரு டிக் போடுவாய். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கடைக்காரரும் திரும்ப எடுக்கவில்லை. "கொன்னரலாம்னு மட்டும் சொல்லாதீங்மா" என்றாய். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கரப்பான் பூச்சியையும் தவளையையும் எத்தனை வருடம் அறுத்திருக்கிறேன்! அதைக் கொல்ல மட்டும் முடியவில்லை. இரண்டு தடவை தொட்டிமுன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் நீ டியூஷனுக்குப் போனதும் அதை ஈரச் சாக்கில் சுற்றி, அரிசி டிரம்மில் வைத்து, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டுபோய் ஊருக்குத் தெற்கே இருக்கும் ஏரியில் விட்டேன். சித்திரையில் அந்த ஏரி எப்படியும் வற்றிவிடும், தானாகவே முடிந்துவிடும், என் கையால் வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். படித்தவள் போட்ட கணக்கு. அந்தச் சித்திரையில் நூறு நாள் வேலைக்காரர்கள் ஏரியை ஆழமாக வெட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு கோடையிலும் அது முழுதாக வற்றவில்லை. தண்ணீர் குறைந்து சேறாகிப்போனாலும் அந்த மீன் மேலே வந்து காற்றைக் குடித்து உயிர்வாழும் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தது எதுவும் அன்று காலையில் எனக்கு வேலைக்கு ஆகவில்லை.

நீ டியூஷன் முடிந்து வந்தாய். செத்துப்போய்விட்டது, தென்னைக்கு அடியில் புதைத்துவிட்டேன் என்றேன். நீ எந்தத் தென்னை என்று கேட்டாய். எப்படிச் செத்தது, மிதந்ததா, வயிறு வீங்கியிருந்ததா, வாய் திறந்திருந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். பின்கட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தாய். தோண்டினால் ஒன்றும் இருக்காது. உன்னை நிறுத்த வேண்டும். இருபது வருடம் வகுப்பில் நின்றதில் நான் கற்ற ஒரு வித்தை உண்டு: பழியைத் தூக்கி மேலே போட்டால் கேள்வி கேட்கிற பிள்ளை வாயை மூடிவிடும். "வாராவாரம் தண்ணி மாத்தோணும்னு சொன்னேன்ல? மாத்தாம உட்டா எப்படிப் பொழைக்கும்?" என்றேன். "சனிக்கெழமை மாத்துனனேம்மா" என்றாய். "மாத்தலை." என்னைக் காலண்டர் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் டிக்கைக் காட்டினாய். "டிக்கைப் போட்டுட்டு மறந்திருப்பே" என்றேன். நீ அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் முகத்தில் அந்த டிக் மீதான நம்பிக்கை போவதை நான் பார்த்தேன். மண்வெட்டியைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தாய். தொட்டியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றினாய். மீன்வளம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், விண்ணப்பம் போடும் நேரத்தில் கம்ப்யூட்டர் என்று எழுதினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு அடுத்தவர்கள் எழுதிய நிரல்களில் தப்புத் தேடுவதுதான் உன் வேலை. நன்றாகச் செய்கிறாய் என்று உன் மேலதிகாரி நிச்சயதார்த்தத்தில் என்னிடம் சொன்னார். சாப்பாடு ஆறிப்போகும் என்று சொல்லி அவரிடமிருந்து நகர்ந்துவிட்டேன்.

அந்த ஏரியை இப்போது சரசுவும் இன்னும் நான்கு பெண்களும் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறார்கள். சரசுவை உனக்குத் தெரியும், உன்னோடு படித்த கார்த்தியின் அம்மா. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். "டீச்சரே, ஏரியில மொதலை இருக்குதுங்க. கட்லா மீனெல்லாம் பாதிப்பாதியாக் கெடக்குது. நீங்கதானே உசுருப் பாடமெல்லாம் எடுக்கறீங்க, வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்றாள். போனேன். கரையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். சரசுவின் கொழுந்தன் ரங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணியைக் கையால் காட்டி, "மொதலையாவது மண்ணாங்கட்டியாவது! எங்க நங்கையா மீனுக்குத் தவுடு போடற லட்சணத்துக்கு அதுகளே ஒண்ணையொண்ணு கடிச்சுத் தின்னுருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நீ ஒரு நாளாச்சும் வந்து போட்டுப் பாத்தியா? கட்டில்ல படுத்துட்டே மீனு வளத்தறவன் நீயி" என்றாள் சரசு. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் மெல்லப் பிளந்தது. நீளமான ஒரு மூக்கு மேலே வந்தது. ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டுச் சாவகாசமாக உள்ளே போனது. நாலரை அடிக்குக் குறையாது. மேல்தாடை இடது பக்கம் வளைந்திருந்தது.

"முதலை இல்லை. மீன்தான்" என்றேன். "மீனா? அத்தாம் பெருசா?" "வெளிநாட்டு மீன். யாரோ வளர்த்தி, கொண்டாந்து விட்டிருக்கோணும்." யாரோ என்றேன், கவனி. "எந்த நாசமாப் போனவனோ! அவனைமட்டும் எங்கையில குடுங்க" என்றார் ரங்கசாமி. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஏரி, விடுமுறை என்றால் காலையிலேயே ஏரி. உன் அப்பா, "உனக்கென்ன, புதுசா மீனு யாவாரமா?" என்று கேட்டார். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த இந்த நான்கு வருடத்தில் நான் எங்கேயும் இப்படி ஓடி அவர் பார்த்ததில்லை. மீன்வளத் துறைக்குத் தகவல் கொடுத்தேன். வந்து படம் எடுத்துப் போனார்கள், எக்காரணம் கொண்டும் இது ஆற்றுக்குப் போய்விடக் கூடாது என்று அவர்களும் சொன்னார்கள். ஐப்பசி மழை பிடித்து ஏரி நிறைந்தால் கலிங்கு வழியாக வழியும். வழிகிற தண்ணீர் ஓடையில் இறங்கி ஆற்றுக்குப் போகும். ஒரு ஏரியில் நான் செய்த தப்பை அப்புறம் யாரும் தேடிப் பிடிக்க முடியாது. கலிங்கின் படிக்கட்டில் எத்தனை படி நனையாமல் இருக்கிறது என்று தினமும் எண்ணினேன். ஏழு, ஆறு, ஆறு, நான்கு.

முதலில் ரங்கசாமி பெரிய தூண்டில் போட்டார். அது இரை எடுக்கும், இழுக்கும், ஒரு நிமிடத்தில் முள் வெறுமனே திரும்பி வரும். அந்த வாய்க்குள் சதையே கிடையாது, முழுக்க எலும்பு. முள் எங்கே இறங்கும்? மூன்றாவது தடவை முள் நிமிர்ந்து கம்பியாகவே வந்தது. வலை போட்டார்கள், கிழித்துக்கொண்டு போனது. நான் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குச் செய்து, வளையத்துக்கு நடுவில் செத்த ஜிலேபி மீனைக் கட்டி மிதக்கவிட்டுப் பார்த்தேன். தலையை உள்ளே விட்டது, சுருக்கும் இறுகியது. ஆனால் பீங்கான் ஓடு மாதிரியான அந்தச் செதில்மேல் கம்பி வழுக்கிக் கழன்றுவிட்டது. ரங்கசாமி கிணறு வெட்டுகிற தோட்டாவைப் போட்டுவிடலாம் என்றார். "போடு. மொதலை மீனும் சாகும், எங்க மீனும் சாகும். அப்பறம் நாங்க அஞ்சு பேரும் உங்க ஊட்டுத் தொட்டியில வந்து மீனு வளத்தறோம்" என்றாள் சரசு.

வழி காட்டியது ஒரு எருமை. சரசு ஒருநாள் எருமையைக் கழுவத் தண்ணீரில் இறக்கியிருந்தாள். கழுத்துக் கயிறு பழைய நைலான், நுனி பிரிந்து தும்பு தும்பாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்ததாம். "யாரோ புடிச்சு இழுக்கறாப்புல இருந்துச்சுங்க டீச்சர். எருமை மிரண்டு கரையேறிருச்சு" என்று அந்தக் கயிற்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நைலான் நூல்களுக்கு நடுவில் ஊசி மாதிரி இரண்டு பற்கள் சிக்கியிருந்தன. வெளியே எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. திருகத் திருக நூல் இன்னும் இறுக்கியது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்த மீனின் சொந்த நாட்டில் முள்ளே இல்லாமல், பிரித்த கயிற்றைப் போட்டே அதைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். பற்களைப் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

புது வெள்ளை நைலான் கயிறு வாங்கி, முழ நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் முடிச்சுப் போட்டு, மறுபக்கம் முறுக்கைப் பிரித்து, இரும்புச் சீப்பால் சீவினோம். சீவச் சீவ அது பட்டு மாதிரி, கிழவி தலைமயிர் மாதிரி ஆனது. "ஊருல எல்லாரும் டீச்சருக்கு முடி கொட்டுதுன்னு நெனைப்பாங்க" என்றாள் சரசு. வாசனைக்காக ஒரு மீன் துண்டை நடுவில் வைத்துக் கட்டினோம். முடிச்சுப் பக்கம் நீளமான கெட்டிக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேன். மூன்று நாள் போட்டோம். மூன்று நாளும் கவ்வியது, மூன்று நாளும் விட்டுவிட்டது. தப்பு என்னுடையது. கயிறு அசைந்ததும் நான் இழுத்துவிடுவேன். பல் நூலுக்குள் இறங்குவதற்கு முன்னாலேயே இழுத்தால் எல்லாம் உருவிக்கொண்டு வந்துவிடும். "டீச்சர், நீங்க கையை வெச்சுட்டுச் சும்மா நில்லுங்க. அது மெல்லட்டும்" என்றாள் சரசு. சும்மா நிற்பது இந்த வாரத்தில் எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தீபாவின் போன் வந்ததற்கு அடுத்த நாளில்தான் அவள் இதைச் சொன்னாள்.

புதன்கிழமை பள்ளிக்கு விடுப்புப் போட்டேன். முந்தின நாள் பெய்த மழையில் கலிங்கில் ஒரே ஒரு படிதான் நனையாமல் இருந்தது. எட்டு மணி வாக்கில் வெயில் வந்தது. மதகு ஓரமாக அது மேலே வந்து காற்றுக் குடித்த இடத்தைக் குறிவைத்துச் சரசு கயிற்றை வீசினாள். இரண்டு தடவை மெல்ல இழுத்தாள். மூன்றாவது தடவை தண்ணீர் பக்கவாட்டில் அடித்தது. அது தலையைத் திருப்பித்தான் கவ்வும். நான் என் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கயிறு ஓடியது. சரசு விட்டுக்கொண்டே இருந்தாள். கயிறு தீர்ந்ததும் கேனைத் தண்ணீரில் எறிந்தாள். கேன் ஏரியின் நடுவுக்குப் போனது, மூழ்கியது, மேலே வந்தது, கிழக்கே போனது, திரும்பியது. தலையை உதற உதற நூல் பல்லுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. முக்கால் மணி நேரம். அப்புறம் கேன் ஒரே இடத்தில் நின்று லேசாக ஆடியது. ரங்கசாமி பரிசலில் போய்க் கேனைப் பிடித்தார். மூன்று பேருமாகக் கரைக்கு இழுத்தோம். அதன் நீள மூக்கு முழுக்க வெள்ளை நூல் சுற்றிக்கிடந்தது. ஒரு முள், ஒரு காயம் இல்லை. அதன் கண் பழைய கண்தான்.

அரிவாள் செதிலில் பட்டுத் தெறித்தது. கோடாரியை எடுத்து வந்த ரங்கசாமியிடம், "என்கிட்டக் கொடுங்க" என்றேன். மண்டைக்குப் பின்னால், செதில் தொடங்குகிற இடத்தில் எங்கே போட்டால் ஒரே அடியில் முடியும் என்பது எனக்குத் தெரியும். போட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் தொட்டி முன்னால் நின்றபோது செய்திருக்க வேண்டிய காரியம். அன்றைக்கு நீ அழுதிருப்பாய். என்மேல் கோபப்பட்டிருப்பாய், ஒரு மாதம் பேசாமல்கூட இருந்திருப்பாய். கோபப்படுவதற்கு உனக்கு ஒரு ஆளாக நான் இருந்திருப்பேன். அதுகூட இல்லாமல் உன்னை உன்மேலேயே கோபப்பட விட்டுவிட்டேன்.

ரங்கசாமி தராசு எடுத்துவர ஊருக்குள் போனார். முட்டை இருந்தால் அது விஷம், நாய்க்குக்கூடப் போடக்கூடாது, குழி தோண்ட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். சரசு மூக்கைச் சுற்றிய நூலைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள். "இதோட வாயி ஏனுங்க கோணையா இருக்குது?" என்று கேட்டாள். கேள்வியை நிறுத்த ஏதாவது சொல்லலாம். பிறவி என்று சொன்னால் முடிந்தது. "என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில முட்டி முட்டி அப்படி ஆச்சு. நான்தான் இதைக் கொண்டாந்து இங்க விட்டேன், சரசு" என்றேன். அவள் கத்தியை நிறுத்தினாள். "ரெண்டு மாசமா எங்கூடவே நின்னீங்க, உக்காந்து கயிறும் சீவுனீங்களே, டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. மீன்குஞ்சு மறுபடி விடுவதற்கு ஆகிறதை நான் தருகிறேன் என்றேன். ஐந்து பேரையும் ரங்கசாமியையும் வைத்து நானே சொல்கிறேன் என்றேன். "அதையச் சொல்லுங்க. குஞ்சும் வாங்கிக் குடுங்க, வேண்டாங்கலை" என்றாள். அப்புறம் திடீரென்று நிமிர்ந்து பார்த்தாள். "இருங்க. இது அந்த மீனா? உங்க பையன் தண்ணி மாத்தாமச் செத்துப்போச்சுன்னு எங்க கார்த்திகிட்ட வந்து தேம்பித் தேம்பி அழுதானே, அந்த மீனா?"

நீ கார்த்தி வீட்டில் போய் அழுதது எனக்குத் தெரியாது. என் முன்னால் நீ ஒரு சொட்டு விடவில்லை.

"ஏரியில உட்டது ஒரு தப்புங்க. அது ஆருக்கும் வரும். எங்கூட்டுல பூனைக்குட்டியச் சந்தையில உட்டுட்டு வந்ததில்லையா? பையங்கிட்ட என்னன்னு சொல்லி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். இன்னமும் அதையேதான் நம்பிக்கொண்டிருக்கிறான் என்றேன். "கல்யாணப் பத்திரிகை கொண்டாந்து வெப்பீங்கல்ல? மொதல்ல அவனுக்குச் சொல்லிப்போட்டு அப்பறம் எங்க ஊட்டுப் படியேறுங்க. சொல்லாம வந்தா நான் வாங்க மாட்டேன். மண்டபத்துக்கு வந்து நானே சொல்லிருவேன், ஆமா." அவள் சொன்னால் செய்வாள். ஆனால் அதற்குப் பயந்து இதை எழுதவில்லை. நேற்று மாலை அவர்கள் ஆறு பேரிடமும் சொல்லிவிட்டேன். ரங்கசாமி என்னை அடிக்கவில்லை. "போங் டீச்சர்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அது ஒரு அடிதான். உன் அப்பாவிடமும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "தென்னைக்கு அடியில மண்ணு கெளறவே இல்லைன்னு அப்பவே போட்டோவுல பாத்தேன்" என்றார். எதற்கோ நான் அவருக்கு அனுப்பிய படமாம். ஒன்பது வருடமாகத் தெரிந்தும் கேட்காத மனிதர். நம் வீட்டில் எல்லோருக்கும் வாய் மூடிக்கொள்ளத் தெரியும். அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். தீபா உன்னிடம் கேட்பாள். கேட்கிற பெண் அவள், எனக்கு அது பிடித்திருக்கிறது. சில நாள் நீ சோர்ந்திருப்பாய், சில நாள் பதில் உனக்குச் சாதகமாக இருக்காது. கேள்வியை நிறுத்துவதற்காக எதையும் சொல்லாதே. தெரியாது என்று சொல், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல், என்னால் முடியவில்லை என்று சொல். ஆனால் அவளுடைய ஞாபகத்தை அவளே சந்தேகப்படும்படி ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. அது சொன்ன இடத்தில் நிற்காது. இரண்டடியில் விட்டது நாலரை அடியாகி வந்ததை நான் பார்த்துவிட்டேன். நாளைக்கு அவளும் நீ சொன்னதை நம்பிப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவளாக ஆகக் கூடாது.

இதைப் படித்ததும் நீ கூப்பிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் வந்தால் படு, தாமதமாக வந்தாலும் அது உன்னுடையதுதான். பரண்மேலிருந்து உன் தொட்டியை இறக்கிக் கழுவி வைத்திருக்கிறேன். எடுத்துப்போவதும் போகாததும் உன் இஷ்டம். சரசு வீட்டுப் பத்திரிகையை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இது உன் கைக்கு வந்த பிறகுதான் கொண்டுபோவேன். மழை மறுபடியும் பிடித்துவிட்டது. இந்நேரம் கலிங்கு வழிந்திருக்கும். வழியட்டும்.

இன்னும் ஒன்றை எழுதவில்லை. அதற்காகத்தான் மூன்று தடவை எழுந்து போனேன். அன்றைக்கு நீ காலண்டரைக் காட்டியபோது நீ மாற்றியதை நான் பார்க்காததால்தான் மாற்றவில்லை என்று சொன்னேன் என்று நீ நினைக்கலாம். அப்படி இல்லை. அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு நீ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, ஒரு மடக்கு அழுக்குத் தண்ணீர் வாய்க்குள் போய், துப்பிவிட்டுத் தனியாகச் சிரித்தாய். ஏழு வாளி எடுத்தாய், ஏழு வாளி ஊற்றினாய். கடைசி வாளியை ஊற்றும்போது அது பயந்துவிடக் கூடாது என்று உள்ளங்கையைக் குறுக்கே வைத்து அதன்மேல் ஊற்றினாய். நான் சமையலறை ஜன்னலில் நின்று கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தண்ணீர் மாற்றினாய்.